கடலோரக் கார்களின் உட்புறப் பிளாஸ்டிக்குக்கு மறுவண்ணம்: பொருளும் முறையும்

மோட்டார் காரின் உட்புறத்தில் இருக்கைத் துணியையும் கண்ணாடியையும் தரைவிரிப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கண்ணில் படுவது ஏறக்குறைய முழுவதும் பிளாஸ்டிக்கே. டாஷ்போர்டு, ஏ.சி. காற்று வரும் துவாரங்களைச் சூழ்ந்த சட்டம், கியர் தண்டைச் சுற்றியுள்ள கன்சோல், கதவின் உட்பலகையாகிய டோர் பேட், அதன் கைப்பிடி, பவர் விண்டோ பொத்தான்கள் பதிந்த தட்டு, கூரையைத் தாங்கும் தூண்களை மூடும் உறைகள் ஆகிய அனைத்தையும் பட்டறை வழக்கில் ‘ட்ரிம்’ என்று பொதுப்படச் சொல்வர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய ஒரு காரில் எஞ்சின் இன்னும் சீராக இயங்கிக்கொண்டிருக்கும்போதே முதுமை வெளிப்படுவது இந்த ட்ரிம்களில்தான் என்பதும், பழைய கார் வாங்க வருபவர் கதவைத் திறந்ததும் முதலில் எடைபோடுவது இவற்றைத்தான் என்பதும் தொழிலில் உள்ளோர் அறிந்தவை. இவற்றுக்கு மீண்டும் வண்ணம் பூசுவது தகுமா, தகுமெனில் எவற்றுக்கு, எம்முறையில், எவற்றைத் தொடாமலே விடவேண்டும் என்பன இங்கே ஆராயப்படுகின்றன.

இந்த ஆராய்ச்சிக்குக் கட்டுமாவடியைக் களமாகக் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடகோடியில், மணமேல்குடி வட்டத்தில், பாக் விரிகுடாவை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையின்மீது அமைந்த இவ்வூர் மீன் சந்தையால் பெயர்பெற்றது. சுற்றுவட்டாரத்திலிருந்து மீன் வாங்கவும் ஏற்றிச் செல்லவும் வண்டிகள் வந்துபோகும் இடம். வடக்கே பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் விரிந்துகிடக்கின்றன. ஆகவே இப்பகுதியில் ஓடும் ஒரு காரின் உட்புறம் கடும் வெயில், உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகை ஈரம், மீன் கொழுப்பு, தேங்காய் எண்ணெய் ஆகிய ஐந்தையும் ஒருசேரத் தாங்கவேண்டியிருக்கிறது. மறுவண்ணம் பூசுவதற்கான செய்முறை நூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளையும், சூடேற்றும் அறை வைத்திருக்கும் பெரிய பட்டறைகளையும் எண்ணி எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே இங்கே பின்பற்றும்போது வண்ணம் சில மாதங்களில் உரிந்துபோவதற்கான விளக்கம் பெரும்பாலும் இந்த ஐந்தனுள் ஒன்றில் கிடைத்துவிடும்.

தேய்மானம் என்ற ஒரே சொல்லின்கீழ் வேறுவேறு அழிவுகள் அடங்குகின்றன, ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. முதலாவது, தொழிற்சாலையிலேயே வண்ணம் பூசப்பட்ட உறுப்புகளில் அந்தப் பூச்சு கைபட்டுத் தேய்ந்து அடியிலுள்ள கறுப்பு வெளித்தெரிவது. கன்சோலின் வெள்ளி நிறச் சட்டமும் கதவுக் கைப்பிடியும் இவ்வகை. இரண்டாவது, வார்க்கும்போதே நிறமி கலந்து செய்யப்பட்ட உறுப்புகள் வெளிறிப்போவது. இவற்றில் நிறம் உள்ளே முழுவதும் பரவியிருப்பதால் தேய்வதால் நிறம் போவதில்லை. புறவூதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மேற்பரப்பில் துண்டிப்பதால், உள்ளே கலந்திருந்த டால்க் எனப்படும் மாக்கல் தூள் வெளிப்பட்டுச் சுண்ணாம்பு பூத்ததுபோல் தோன்றுகிறது. மூன்றாவது, தொட்டால் மென்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பூசப்பட்ட ‘சாஃப்ட் டச்’ பூச்சு பிசுபிசுப்பாக மாறிக் கையில் ஒட்டுவது. நான்காவது, டாஷ்போர்டின் மேல்தோலாகப் போர்த்தப்பட்ட பி.வி.சி., தன்னை நெகிழ்வாக வைத்திருந்த இளக்கிகளை இழந்து இறுகி வெடிப்பது. அந்த இளக்கிகள் ஆவியாகி முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிவதே, எத்தனை முறை துடைத்தாலும் திரும்பிவரும் எண்ணெய்ப் படலத்துக்கு ஒரு காரணம்.

மூன்றாவது வகையைச் சற்று விரிவாகக் காணவேண்டும், ஏனெனில் ஈரமான கடலோரத்தில் அதிகத் தொல்லை தருவதும், அதிகம் தவறாக மருத்துவம் பார்க்கப்படுவதும் அதுவே. சாஃப்ட் டச் பூச்சு பொதுவாகப் பாலியூரித்தேன் என்னும் பிசினால் ஆனது. அந்தப் பிசினின் ஒரு பாதி பாலியெஸ்டர் வகைச் சேர்மத்தால் ஆக்கப்பட்டிருந்தால், காற்றிலுள்ள நீராவி அதன் இணைப்புகளை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக அறுத்துவிடுகிறது. நீராற்பகுப்பு என்று வேதியியல் கூறுவது இதைத்தான். வெப்பமும் ஈரமும் கூடக்கூட இது விரைவதால், பூட்டிய காருக்குள் ஈரக் காற்று சூடேறும் இப்பகுதியில் மென்பூச்சு பிசுக்காவது வியப்பன்று. நீராற்பகுப்பைத் தாங்கும் பாலியெதர், பாலிகார்பனேட் வகைகளும் உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட காரில் எது பூசப்பட்டது என்று வெளியிலிருந்து சொல்லமுடியாது. இப்பிசுக்கின்மேல் வண்ணம் அடிப்பது முற்றிலும் வீண்வேலை: அடித்தளம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்க, மேற்பூச்சு அதன்மீது மிதந்து சுருங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்து அப்பூச்சை முழுதும் நீக்கிவிட்டால் அடியில் உறுதியான, பெரும்பாலும் பார்வைக்கும் நன்றாகவே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வெளிவரும். அங்கேயே நிறுத்திவிடுவது பலவேளைகளில் மிகச் சிறந்த முடிவு. பெயின்ட் தின்னரையோ அசிட்டோனையோ இதற்குப் பயன்படுத்துவோர், பிசுக்கோடு அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடுகிறார்கள்.

வெயிலின் பங்கு இரு வழிகளில் செயல்படுகிறது. முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டதாதலால் புறவூதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. பக்கக் கண்ணாடிகள் ஒற்றைத் தகடாதலால் அக்கதிரில் நீண்ட அலைகொண்ட பகுதியை ஓரளவு உள்ளே விடுகின்றன. டோர் பேட்டின் மேல்விளிம்பு விரைவில் வெளிறுவதற்கு இதுவே விளக்கம். முன்பெல்லாம் கறுப்புப் படம் ஒட்டி இதைத் தவிர்த்தனர். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வாறு படம் ஒட்டுவதைத் தடைசெய்தபின், மோட்டார் வாகன விதிகள் கூறும் அளவில், அதாவது முன்பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி புகும்படி, தொழிற்சாலையிலேயே சாயமேற்றிய கண்ணாடியே அப்போது எஞ்சிய வழியாயிற்று. வெப்பத்தின் அளவுக்கு ஒரு சான்று: அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டாஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸை எட்டியிருந்தது. பூசப்படும் எந்த வண்ணமும் இந்தச் சூட்டில் இளகாமலும் மறுநாள் குளிர்ச்சியில் வெடிக்காமலும் ஒவ்வொரு நாளும் அடிப்பொருளோடு சேர்ந்து விரிந்து சுருங்கவேண்டும்.

அடிப்பொருள் எது என்று அறிவதே வேலையின் முதற்படி. கார் உட்புறத்தில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு. ஒன்று ஏ.பி.எஸ்.; மூன்று வேதிப்பொருள்களை இணைத்துச் செய்யப்படும் இது கடினமானது, வண்ணத்தை எளிதில் ஏற்பது. மற்றொன்று பாலிப்ரொப்பிலீன், இத்தாலியின் ஜூலியோ நாட்டா 1954இல் இதன் ஒழுங்கமைந்த வடிவை உருவாக்கினார், அவருக்கும் ஜெர்மனியின் கார்ல் சீக்லருக்கும் 1963இல் நோபல் பரிசு கிடைத்தது. விலை மலிவு, எடை குறைவு, எளிதில் உடையாமை ஆகியவற்றால் டோர் பேடுகளிலும் தூண் உறைகளிலும் இதுவே மிகுதி. உறுப்பைக் கழற்றித் திருப்பினால் அதன் முதுகில் இரு கோணக் குறிகளுக்கு நடுவே பொருளின் பெயர்ச்சுருக்கம் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம், அதனோடு ‘டி.டி. 20’ என்றிருந்தால் நூற்றுக்கு இருபது பங்கு டால்க் கலந்தது என்று பொருள். குறி இல்லாதபோது சிறு துண்டைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால் பாலிப்ரொப்பிலீன், மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று முடிவுகட்டும் வழக்கம் உண்டு. கலப்பில்லாத பாலிப்ரொப்பிலீனின் அடர்த்தி 0.9 என்பதால் அது மிதப்பது உண்மையே. ஆனால் இருபது விழுக்காடு டால்க் சேர்ந்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.04 ஆகி, ஏ.பி.எஸ்.ஸைப் போலவே மூழ்கிவிடும். கார் உறுப்புகளில் டால்க் கலப்பது பெருவழக்காதலால் இந்தச் சோதனையை நம்பி ஏமாறுவோர் பலர். நெருப்பில் காட்டினால் கரும்புகையோடு எரிவது ஏ.பி.எஸ்., மெழுகுவத்தி வாடையோடு எரிவது பாலிப்ரொப்பிலீன் என்பது மேலும் நம்பத்தக்கது; ஆனால் பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு என்னும் நச்சு வாயு வெளிப்படுவதால் இதைத் திறந்தவெளியில், காற்று வரும் பக்கம் நின்று, ஊசிமுனை அளவு துணுக்கில் மட்டுமே செய்யவேண்டும்.

இந்த வேறுபாடு இத்தனை முதன்மை பெறுவதற்குக் காரணம் மேற்பரப்பு ஆற்றல் எனப்படும் பண்பு. ஒரு திண்மப் பொருளின் மேற்பரப்பு தன்மீது விழும் திரவத்தை எவ்வளவு இழுத்துப் பரப்பிக்கொள்ளும் என்பதன் அளவு அது. பாலிப்ரொப்பிலீனுக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன், ஏ.பி.எஸ்.ஸுக்கு 40ஐ ஒட்டியது. தாமரை இலையில் நீர் உருள்வதுபோல் பாலிப்ரொப்பிலீனில் நீர் முத்துமுத்தாக நிற்பதும், வண்ணம் பரவினாலும் உலர்ந்தபின் பிடிப்பின்றி ஏடாக உரிவதும் இதனால் விளைபவை. தொழிற்சாலைகளில் நெருப்புச் சுடரையோ மின்னேற்றிய வாயுவையோ மேற்பரப்பின்மீது ஒரு நொடி செலுத்தி, அங்கே ஆக்சிஜன் கொண்ட தொகுதிகளை உண்டாக்கி இக்குறையைப் போக்குகின்றனர். சிறு பட்டறையில் சுடரைக் கையால் காட்டுவது எளிதில் உறுப்பை நெளியவைத்துவிடும். ஆகவே அங்கே பயன்படுவது ‘அடீஷன் புரமோட்டர்’ என்னும் தெளிந்த திரவம். குளோரின் ஏற்றிய பாலியொலிஃபின் என்னும் பிசின் அதில் கரைந்துள்ளது. அப்பிசினின் ஒரு பகுதி பாலிப்ரொப்பிலீனோடு உறவுடையது, மறுபகுதி வண்ணத்தோடு உறவுடையது. இதை மெல்லிய ஒரே பூச்சாக அடித்து, டப்பாவில் குறித்துள்ள நேரத்துக்குள் மேல்வண்ணத்தை அடிக்கவேண்டும். உலோகத்துக்கான சாதாரணப் பிரைமரை நம்பிப் பாலிப்ரொப்பிலீனில் வண்ணம் பூசுவது, எவ்வளவு திறமையான பெயின்டர் செய்தாலும் நிற்காது.

ஆயினும் கட்டுமாவடி போன்ற ஊரில் வேலையின் தலைவிதியைத் தீர்மானிப்பது அடீஷன் புரமோட்டருக்கும் முந்திய கட்டமாகிய கழுவுதலே என்று துணிந்து கூறலாம். கடற்காற்றில் வரும் உப்பு, திறந்த சன்னல் வழியாகவும் ஏ.சி. காற்று வழியாகவும் உள்ளே படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்து நீரை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடலோரத்து இரவுகளில் அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. வண்ணத்துக்கு அடியில் சிக்கிக்கொண்ட உப்புத் துகளும் இவ்வாறே, பூச்சின் நுண்துளைகள் வழியே நீராவியை உள்ளிழுத்து, சவ்வூடு பரவல் அழுத்தத்தால் பூச்சைத் தூக்கிச் சிறு கொப்புளமாக்குகிறது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் உப்பு போகாது, ஏனெனில் உப்பு அத்தகைய கரைப்பான்களில் கரைவதில்லை. தண்ணீரே அதற்கு மருந்து. ஆனால் கடலோரக் கிணற்று நீரும் ஆழ்துளை நீரும் உவர்ப்பாக இருப்பது பல ஊர்களின் நிலைமையாதலால், அந்த நீரில் கழுவி அப்படியே உலரவிட்டால் போன உப்புக்கு ஈடாகப் புதிய உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றுவதற்கென்று எல்லாப் பட்டறைகளிலும் இருக்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கொண்டு கடைசி அலசலை முடிப்பது சிறு செலவில் பெரும் பாதுகாப்பு.

எண்ணெய்களின் கதை இதனினும் நுட்பமானது. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. அது காற்றோடு வினைபுரிந்து இறுகுவதில்லை, எத்தனை ஆண்டானாலும் எண்ணெயாகவே இருக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்தவர் சாயும் தூண் உறையிலும், கை படும் பிடியிலும் அது பிளாஸ்டிக்கின் நுண்வெடிப்புகளுக்குள் மெல்ல இறங்கும். குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவர்களில் பயன்பட்ட ஏ.பி.எஸ். சமையல் எண்ணெய்கள் பட்டு வெடிப்பதைப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாக அறிவர்; இழுவிசையில் இருக்கும் பிளாஸ்டிக்கைக் கொழுப்பு இவ்வாறு பிளப்பதைச் சூழல்சார் தகைவு வெடிப்பு என்பர். மீன் எண்ணெய் நேர்மாறானது. அதில் நிறைவுறாக் கொழுப்பு மிகுதியாதலால் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிப் பிசின்போல் ஒரு படலமாகிவிடும். ஒருகாலத்தில் சில மீன் எண்ணெய்களை வண்ணத் தொழிலிலேயே சேர்த்துக்கொண்டது இக்குணத்தால்தான். மீன் ஏற்றும் வண்டியின் கதவுப்பிடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் படலம் வெறும் அழுக்கன்று, உலர்ந்த ஒருவகை வார்னிஷ். ஆல்கஹால் துடைப்புக்கு அது எளிதில் இளகாது. காரத்தன்மையுள்ள சோப்புக் கரைசலை இளஞ்சூட்டில் ஊறவைத்து, நைலான் பிரஷால், மேற்பரப்பில் தோல்போல் வார்க்கப்பட்ட புள்ளியமைப்பின் பள்ளங்கள்வரை தேய்த்தால்தான் போகும். தேங்காய் எண்ணெய்க்குச் சோப்புக்குப்பின் ஆல்கஹால் துடைப்பு போதும். மூன்றாவதாக, டாஷ்போர்டு பளபளக்கப் பூசும் பாலிஷ்களில் பலவற்றில் சிலிகோன் உண்டு. அதன் சுவடு இருக்கும் இடத்தில் புது வண்ணம் விலகி மீன்கண் அளவு வட்டக் குழிகள் விழும். ஆகவே சோப்பு நீர், நல்ல நீர், முழு உலர்வு, சிலிகோன் நீக்கும் கரைப்பான் என்ற வரிசை மாறக்கூடாது. கரைப்பானை ஒரு துணியால் தடவி, அது ஆவியாகுமுன் வேறு தூய துணியால் எடுத்துவிடவேண்டும். ஒரே துணியால் துடைப்பது எண்ணெயை இடம் மாற்றுவதோடு முடிந்துபோகும்.

உறுப்புகளைக் கழற்றுவதிலும் கடலோரம் தன் முத்திரையைப் பதித்திருக்கும். பிளாஸ்டிக் துருப்பிடிப்பதில்லை என்றாலும் அதைப் பிடித்திருக்கும் திருகாணிகளும் எஃகுக் கிளிப்புகளும் துருப்பிடிக்கும். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், கடற்காற்று உலோகத்தை அரிக்கும் விதத்தை ஆராய்வதற்கு மண்டபத்தில் தனியே ஒரு நிலையம் வைத்திருப்பதிலிருந்தே இக்கரையின் கடுமை விளங்கும். துருவேறிய கிளிப்பை இழுக்கும்போது உடைவது பெரும்பாலும் கிளிப்பன்று, அது மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கொண்டிதான். ஆகவே துருநீக்கி எண்ணெய் தெளிக்க நேர்ந்தால் அதுவும் கழுவவேண்டிய எண்ணெய்களின் பட்டியலில் சேர்கிறது என்பதை மறக்கலாகாது.

அடுத்தது தேய்த்தல். பழைய வண்ணம் ஓரங்களில் உரிந்திருந்தால், புதுவண்ணத்தின் அடியில் அந்த விளிம்பு கோடாகத் தெரியாதிருக்க, 400 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 800வரை சென்று சரிவாக்கவேண்டும். ஆனால் வார்ப்பிலேயே தோல்போன்ற புள்ளியமைப்பு பதிந்த உறுப்புகளில் வாட்டர் பேப்பர் பகையாகும். மேடுகளை வெட்டிவிட்டால் அவ்விடம் என்றும் வழுவழுப்பாக, வேற்றுத் தோற்றத்தோடு நிற்கும். அங்கே சோப்பு நீரோடு சாம்பல் நிற ஸ்காட்ச் பிரைட் நார்ப்பட்டையே தக்கது. பட்டி இட்டுக் கீறலை நிரப்புவதும் புள்ளியமைப்புள்ள இடத்தில் பெரும்பாலும் தழும்பில் முடியும்; ஆழ்ந்த கீறலுள்ள அத்தகைய உறுப்பை மாற்றிவிடுவதே மேல்.

வண்ணத் தேர்வில் நான்கு வகைகள் கருதத்தக்கவை. வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் காற்றின் ஆக்சிஜனால் மெல்ல இறுகுவது, பிளாஸ்டிக்கில் பிடிப்புக் குறைவு, உலர நாளாகும், காலப்போக்கில் மஞ்சளாகி நொறுங்கும், இதை விலக்கிவிடலாம். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், 1923இல் அமெரிக்காவில் டியூபான்ட் நிறுவனம் ‘டூகோ’ என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்தது. இந்தியப் பட்டறைகளில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. கரைப்பான் ஆவியானதும் உலரும் இது வேலைக்கு எளிது, ஆனால் அதே கரைப்பான் பட்டால் மீண்டும் இளகும், வியர்வையும் எண்ணெயும் படும் இடத்தில் நிலைக்காது. மூன்றாவது, ‘வினைல் டை’ என்ற பெயரில் ஸ்பிரே டப்பாவில் விற்பது. பெயர் சாயம் என்றாலும் உண்மையில் இது மெல்லிய பிசின் வண்ணமே. வலிய கரைப்பான் பி.வி.சி., ஏ.பி.எஸ். மேற்பரப்பைச் சற்று இளக்கிக்கொண்டு பிடிப்பதாலும், மிக மெல்லிய படலமாதலால் புள்ளியமைப்பை நிரப்பாமல் விடுவதாலும், பி.வி.சி. தோலுக்கும் பெரிய பரப்புகளுக்கும் இது ஏற்றது. நான்காவது, ஹார்டனர் கலந்து அடிக்கும் இருபாகப் பாலியூரித்தேன். கலந்த இரண்டும் வேதிவினையால் வலைபோல் பின்னிக்கொள்வதால் எண்ணெய், வியர்வை, ஆல்கஹால் ஆகியவற்றைத் தாங்குவதில் இதற்கு நிகர் பிறிதில்லை. கைப்பிடி, பொத்தான் தட்டு, கன்சோல் போன்று நாள்தோறும் கைபடும் உறுப்புகளுக்கு இதைத்தவிர வேறெதையும் பரிந்துரைப்பதற்கில்லை. ஸ்பிரே டப்பா வண்ணத்தில் அவ்வுறுப்புகளை அடிப்பவர், இந்தத் தட்பவெப்பத்தில், அடுத்த ஆண்டும் அதே வேலையைச் செய்ய நேரும்.

காலம் அறிந்து அடிப்பதும் பொருளுக்கு நிகரான முதன்மை உடையது. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது; காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அக்குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, லாக்கரில் வெண்மூட்டமாகத் தங்கிவிடும். இருபாகப் பாலியூரித்தேனில் ஹார்டனர் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுவதால் நுண்குமிழிகள் உண்டாகும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை மாசியில், காலைப் பனி விலகி வெயில் ஏறிய நேரத்திலிருந்து பிற்பகல் கடற்காற்று எழும்வரை உள்ள இடைவெளியே இங்கே நல்ல நேரம். ஆடிக் காற்றில் புழுதி மிகுதி. ஐப்பசி கார்த்திகையில் மூடிய அறையில்கூட இவ்வேலையைத் தள்ளிவைப்பது நலம். கம்ப்ரஸரில் சேரும் நீரை வேலைக்குமுன் வடித்துவிடவேண்டும். ஒரே கனத்த பூச்சைவிட, இடையிடையே ஆறவிட்டு அடிக்கும் மூன்று மெல்லிய பூச்சுகளே புள்ளியமைப்பைக் காக்கும். உலர்ந்ததாகத் தோன்றினாலும் வேதிவினை நிறைவுபெற ஒரு வாரம் ஆகுமாதலால், அதுவரை பாலிஷோ நகம் படும் உராய்வோ கூடாது.

பளபளப்பை விரும்புவது இயல்பே எனினும் டாஷ்போர்டின் மேற்பகுதிக்கு அது ஆபத்து. அங்கே விழும் வெயில் முன்கண்ணாடியின் உட்புறத்தில் பிரதிபலித்து, ஓட்டுநரின் கண்முன் சாலையின்மீது ஒரு வெண்திரையை விரிக்கும். டாஷ்போர்டின் மேற்பகுதி பெரும்பாலான கார்களில் ஒளி மங்கியதாகவும் கருநிறமாகவும் இருப்பது இதற்காகவே. மரங்கள் குறைந்த கடற்கரைச் சாலையில் பகல் முழுதும் எதிரொளியோடு ஓட்டுபவருக்கு, வெள்ளையோ பளிச்சென்ற பழுப்போ பூசிய டாஷ்போர்டு விபத்துக்கு வழிவகுக்கும். பழைய கார்களின் சந்தன நிற உட்புறத்துக்கு நிறம் பொருத்துவது தனிச் சிக்கல்: டியூப்லைட்டின்கீழ் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் வேறுபடும். மேலும், பொருத்தவேண்டியது காரின் பிறந்தநாள் நிறமா, இருபது ஆண்டு வெயில்பட்டுப் பக்கத்து உறுப்பு இன்று அடைந்திருக்கும் நிறமா என்பதைப் பூசத் தொடங்குமுன் முடிவுசெய்யவேண்டும். இரண்டு உறுப்புகள் சந்திக்கும் கோட்டில் நின்றுவிடும்படி, ஒரு முழுப் பகுதியையே ஒரே நிறத்தில் அடிப்பது பெரும்பாலும் நல்ல தீர்வு.

மறுவண்ணத்துக்கு மாற்றுகளும் உள்ளன. சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற பழைய உதிரிப்பாகச் சந்தைகளில், பெருமளவில் விற்ற மாடல்களின் டோர் பேடும் கன்சோலும் கிடைக்கக்கூடும்; கடலோரமல்லாத ஊரில் ஓடிய காரின் உறுப்பாக அமைந்தால் அதுவே சிறப்பு. வினைல் படம் ஒட்டுவது தட்டையான சட்டங்களுக்குப் பொருந்தும், வளைந்த விளிம்புகளில் வெப்பத்தால் சுருங்கி எழும். வெளிறிய பாலிப்ரொப்பிலீனுக்கு எண்ணெய் பூசிக் கறுப்பாக்குவது சில நாள் தோற்றமே. பிற்பாடு வண்ணம் அடிக்க முனைபவருக்கு அது கூடுதல் பகை. 2014இல் உற்பத்தி நின்ற மாருதி 800, அம்பாசிடர் போன்ற வண்டிகளுக்கு நிறுவனத்தின் புதிய உறுப்பு கிடைப்பது அருகிவருவதால், அவற்றில் மறுவண்ணம் விருப்பமாக இல்லாமல் தேவையாகவே மாறியிருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ரூபாயாக உயர்ந்தபின்னும் பலர் அவ்வண்டிகளை விடாமல் வைத்திருப்பது இத்தேவையை வளர்க்கிறது.

வேலை தேறியதா என்று அறிய எளிய சோதனை உண்டு. உறுப்பின் கண்ணில் படாத மூலையில், முழுதும் இறுகிய பூச்சின்மீது, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு கீறல்கள் இட்டு, அதன்மேல் ஒட்டுநாடாவை அழுத்தி இழுக்கவேண்டும். பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 2409 இதைப் பூச்சியத்திலிருந்து ஐந்துவரை தரம் பிரிக்கிறது. ஒரு கட்டமும் பெயராதது பூச்சியம். பாலிப்ரொப்பிலீன் உறுப்பை முழுதும் அடிக்குமுன் அதன் முதுகில் சிறு பரப்பில் அடித்து இச்சோதனையைச் செய்துபார்க்கும் பழக்கம் எல்லாப் பட்டறைகளிலும் வேரூன்றவேண்டும். பொருளையும் கழுவலையும் அது ஒருங்கே சோதித்துவிடும்.

எந்நிலையிலும் வண்ணம் படக்கூடாத இடங்கள் சில உள்ளன. ஓட்டுநர் ஏர்பேக் புதிய கார்களில் 2019 ஜூலை முதல் கட்டாயமாக்கப்பட்டது; ஸ்டீயரிங் நடுவிலும் டாஷ்போர்டின் இடப்புறத்திலும் உள்ள ஏர்பேக் மூடிகள், உட்புறத்தில் மெலிதாக்கப்பட்ட கோட்டின்வழி கண்ணிமைக்கும் நேரத்தின் ஒரு சிறு பகுதிக்குள் பிளந்து திறக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பூச்சோ பட்டியோ அக்கோட்டை வலுவாக்கினால் திறப்பு மாறலாம், இறுகிய வண்ணச் சில்லுகள் முகத்தில் பாயலாம். இருக்கை வார் ஓடும் வழிகளும் அவ்வாறே. பதிவுச் சான்றிதழில் குறிக்கப்படுவது வெளிப்புற நிறமேயாதலால் உட்புற நிறமாற்றத்துக்குச் சட்டச் சிக்கல் எழுவதில்லை. ஆனால் உட்புறப் பொருள்கள் தீப்பற்றிப் பரவும் வேகத்துக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 15061 வரம்பு விதித்திருப்பதை நினைத்து, பூச்சு மெலிதாகவும் கரைப்பான் முழுதும் வெளியேறியதாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது பட்டறையின் கடமை.

இவையனைத்தினும் கவலைக்குரியது வண்ணம் அடிப்பவரின் நுரையீரல். இருபாகப் பாலியூரித்தேனின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட், தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்குப் பெயர்போன காரணி. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் மூச்சுத்திணறலை உண்டாக்கும், தொழிலையே விட நேரும். அதற்கு எச்சரிக்கை மணம் இல்லாததால் மூக்கை நம்பமுடியாது. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் தூசு முகமூடியும் அதைச் சிறிதும் தடுப்பதில்லை. கரிப்பொதி முகமூடிகூட முழுப் பாதுகாப்பன்று என்பதால் வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் முகமூடியையே வளர்ந்த நாடுகளின் தொழில் நல விதிகள் கேட்கின்றன. சிறு பட்டறைக்கு அது எட்டாத செலவாக இருக்கும்வரை, ஹார்டனர் கலந்த வேலையை அக்கருவி உள்ள அறந்தாங்கி, பட்டுக்கோட்டை போன்ற நகரப் பட்டறை ஒன்றுக்கு உறுப்புகளை மட்டும் கழற்றி அனுப்பிச் செய்வதும், ஊர்ப் பட்டறையில் கழுவல், தேய்த்தல், வினைல் டை ஆகியவற்றோடு நிற்பதும் நடைமுறைக்கு உகந்த பங்கீடு. காருக்குள் இருந்தபடியே மறைப்புத் தாள் ஒட்டி அடிக்கும் குறுக்குவழி, அடிப்பவரை மூடிய கூண்டுக்குள் அந்தப் புகையோடு வைத்துப் பூட்டுவதாதலால் அதை அறவே கைவிடவேண்டும். வெளியே அடித்த உறுப்புகளையும் ஒரு வாரம் நிழலில், காற்றோட்டத்தில் ஆறவைத்தபின்னரே குழந்தைகள் ஏறும் காரில் திரும்ப மாட்டவேண்டும்.